மூணு நண்பர்கள், ஒரு தீவு, ஒரு ஈட்டி

மக்களே, ரொம்ப நாளா எழுத நினைச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமானதால தள்ளித் தள்ளிப் போன மேட்டர் இது. முதுகுல சிலிண்டர் எதுவும் இல்லாம, மூச்சை அடக்கிக்கிட்டு கடலுக்குள்ள முங்கி, ஈட்டியால மீன் குத்துற விளையாட்டோட கதை. அதை முழுசா எழுத ஆரம்பிச்சா பத்து பாகம் போகும். அதனால ஒரே ஒரு சீசனை மட்டும் எடுத்துக்கறேன். 1939-ம் வருஷம், கரீபியன் கடல், குரசாவோ தீவும் அதுக்குப் பக்கத்துல இருக்கிற பொனேர் தீவும். ஆட்கள், வியன்னாவிலிருந்து போன மூணு இளைஞர்கள்: ஹான்ஸ் ஹாஸ், யோர்க் போலர், ஆல்ஃப்ரெட் ஃபான் வுர்ட்சியன்.

முதல்ல ஹாஸ் எப்படி இதுக்குள்ள வந்தார்னு பார்த்துடுவோம். 1919-ல வியன்னாவில் பிறந்தவர். அப்பா வக்கீல், அதனால பையனும் சட்டம் படிக்கணும் (எல்லா ஊர்லயும் இதே கதைதான் போல!). 1937-ல, 18 வயசுல, பிரான்ஸோட தெற்குக் கடற்கரைக்கு லீவுக்குப் போனார். அங்கே ஒருத்தர் கண்ணாடி மாட்டிக்கிட்டு, கையில ஈட்டியோட தண்ணிக்குள்ள முங்கி மீன் குத்திக்கிட்டு இருந்ததைப் பார்த்தார். அவர் பேர் கய் கில்பாட்ரிக். அமெரிக்கர், முன்னாள் விமானி, கதை எழுத்தாளர். விமானிகள் போடற கண்ணாடியில இருக்கிற ஓட்டையை எல்லாம் புட்டி வச்சு அடைச்சு, அதையே கடலுக்குப் போட்டுக்கிட்ட ஆள். இந்த விளையாட்டைப் பத்தி 1938-ல ஒரு புத்தகமே எழுதினார். பார்த்த பையனுக்குப் பித்து பிடிச்சிடுச்சு. சட்டப் புத்தகம் எல்லாம் பரணுக்குப் போச்சு.

அடுத்த வருஷமே நண்பர்களைக் கூட்டிக்கிட்டு யூகோஸ்லாவியாவோட டால்மேஷியக் கடற்கரைக்குப் போனார் ஹாஸ். அங்கேதான் இன்னொரு சாமானும் சேர்ந்துச்சு: தண்ணி புகாத பெட்டிக்குள்ள வச்ச கேமரா. 1939-ல வந்த அவரோட முதல் புத்தகத்தின் பேரே "தண்ணீருக்கடியில் ஈட்டியும் கேமராவுமாக வேட்டை"ங்கிற அர்த்தத்துல இருக்கும். ஈட்டி முதல்ல, கேமரா அப்புறம். இந்த வரிசையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

சரி, மூச்சடக்கி முங்கறதுன்னா என்ன? நமக்கு இது புதுசில்லை. சிலிண்டர் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே தூத்துக்குடிப் பக்கம் முத்தும் சங்கும் குளிச்சவங்க இதைத்தான் செஞ்சாங்க. ஆனா உடம்புக்குள்ள நடக்கிறது என்னன்னு எஞ்சினியர் மூளைக்கு ஒரு கணக்கு வேணும் இல்லையா? கடல் மட்டத்துல நம்ம மேல ஒரு வளிமண்டல அழுத்தம். 10 மீட்டர் இறங்கினா அது ரெண்டாகும், நுரையீரல்ல இருக்கிற காத்து பாதி அளவுக்குச் சுருங்கும். 20 மீட்டர்ல மூணுல ஒரு பங்கு, 30 மீட்டர்ல கால் பங்கு. காதுக்குள்ள இருக்கிற காத்தும் இதே மாதிரி சுருங்கும். அதைச் சரி பண்ண மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஊதணும். கண்ணை மட்டும் மூடற கண்ணாடியில அந்த வழியும் கிடையாது. ஆழம் போகப் போக, கண்ணாடிக்குள்ள இருக்கிற காத்து சுருங்கி, கண்ணையே வெளியே இழுக்கும். மூக்கையும் சேர்த்து மூடற முகமூடி பிற்பாடு பரவலானதுக்கு இதுவும் ஒரு காரணம். மூக்கு வழியா கொஞ்சம் காத்தை விட்டா அழுத்தம் சமமாயிடும்.

உண்மையான ஆபத்து வேற. மூச்சு விடணும்னு நம்மைத் துடிக்க வைக்கிறது ஆக்சிஜன் குறையறது இல்லை, கார்பன் டை ஆக்சைடு ஏறறது. முங்கறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு வாங்கினா கார்பன் டை ஆக்சைடுதான் குறையுமே தவிர, ஆக்சிஜன் பெருசா கூடாது. அதாவது அலாரத்தை ஆஃப் பண்ணிட்டு வேலை பாக்கற மாதிரி. கீழே இருக்கிற வரைக்கும் சுகமா இருக்கும். மேலே வரும்போது அழுத்தம் குறைஞ்சு, ரத்தத்துல ஆக்சிஜன் சடார்னு விழும். மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நினைவு போயிடும். வலி கிடையாது, முன்னறிவிப்பு கிடையாது. அதனாலதான் ஒருத்தர் முங்கினா இன்னொருத்தர் மேலேயிருந்து பார்த்துக்கிட்டே இருக்கணும்னு சொல்றாங்க. இதைத் தனி ஆளா செய்யக் கூடாது, நண்பர்கள் கட்டாயம் வேணும்.

அப்படித்தான் 1939 கோடையில இந்த மூணு பேரும் கப்பல் ஏறினாங்க. பெரிய பணம் கிடையாது. முந்தின வருஷத்துப் படங்களை வச்சு ஹாஸ் பேசின பேச்சும், எழுதின கட்டுரைகளும்தான் முதலீடு. தீவுகள் ரெண்டும் அப்போ நெதர்லாந்து ஆட்சியில. அந்தத் தீவுகள்ல, குறிப்பா பொனேர்ல, பெரிய வசதி என்னன்னா, கரையிலேர்ந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே பவளப்பாறை ஆரம்பிச்சு, அப்படியே சரிஞ்சு ஆழத்துக்குப் போகும். படகுகூட வேண்டாம். கலவா, கிளிமீன், சீலா, சுறா... எல்லாம் வாசல்லயே.

அவங்க வச்சிருந்தது கையால குத்தற ஈட்டி. துப்பாக்கி மாதிரி ஸ்பிரிங்கோ ரப்பரோ வச்சது இல்லை. அதனால மீனுக்கு ரொம்பக் கிட்ட போனாத்தான் வேலை நடக்கும். சத்தம் போடாம, பதறாம, பாறையோட பாறையா ஒட்டிக்கிட்டு நெருங்கணும். ஒரு மூச்சுதான், அதுக்குள்ள முடிக்கணும். இந்தப் பயணத்துலதான் சுறா நெருங்கி வந்தப்போ ஹாஸ் தண்ணிக்குள்ளேயே கத்தினார், சுறா பயந்து திரும்பி ஓடிச்சு. ரொம்ப நாளைக்கு இதை ஒரு தற்காப்பு முறையாவே சொல்லிக்கிட்டு இருந்தார். பின்னாடி வேற கடல்கள்ல சுறாக்கள் அந்தச் சத்தத்தைக் கண்டுக்கலைன்னு தெரிஞ்சுது. யாரும் முயற்சி பண்ண வேண்டாம் :-)

இப்ப கேமரா. தண்ணி வெளிச்சத்தைச் சாப்பிட்டுடும். முதல்ல சிவப்பு போகும், அப்புறம் எல்லாம் நீலப் புகை. தெளிவா ஒரு படம் வேணும்னா மீனுக்கு ஒண்ணு ரெண்டு மீட்டர் பக்கத்துல போகணும். அதாவது ஈட்டிக்காரன் கத்துக்கிட்ட அதே வித்தை. அதனாலதான் ஆரம்ப கால கடலடிப் படக்காரர்கள்ல பலர் முதல்ல வேட்டைக்காரங்களா இருந்தாங்க. பிரான்ஸ்ல குஸ்தோவும் அவரோட நண்பர்கள் தாயே, தூமா ரெண்டு பேரும் இதே வழியிலதான் வந்தாங்க.

ஆனா ரெண்டும் ஒரு கட்டத்துக்கு மேல ஒத்துப் போகாது. ஈட்டி வந்து போன இடத்துல மீன் மனுஷனைப் பார்த்ததும் தூரமா விலக ஆரம்பிச்சுடும். காலையில குத்தின பாறையில மத்தியானம் படம் எடுக்க முடியாது. எதிரே வந்து நின்னு வேடிக்கை பாக்கற மீன்தான் கேமராவுக்கு வேணும், ஈட்டிக்கு முதல்ல சாகறதும் அந்த மீன்தான். ஹாஸ் இதை ஒரே நாள்ல உணர்ந்து திருந்தினார்னு எல்லாம் சினிமா பாணியில சொல்ல மாட்டேன். இந்தத் தீவுகள்ல எடுத்த படம்கூட வேட்டைங்கிற பேரோடதான் வந்துச்சு. ஆனா வருஷம் போகப் போக ஈட்டி பின்னாடி போய், கேமராவும் அறிவியலும் முன்னாடி வந்துச்சு.

இடையில போர். 1939 செப்டம்பர் 1-ம் தேதி ஜெர்மனி போலந்துக்குள்ள நுழைஞ்சப்போ இவங்க அந்தத் தீவுகள்ல இருந்தாங்க. முந்தின வருஷமே ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியிருந்ததால, இவங்க கணக்குப்படி ஜெர்மன் குடிமக்கள். அட்லாண்டிக்ல பிரிட்டிஷ் கடற்படை. வந்த வழியே திரும்ப முடியாது. குரசாவோவில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வேற இருந்துச்சு. அப்படிப்பட்ட இடத்துல கேமராவோட கடலுக்கடியில சுத்தற மூணு ஜெர்மன்காரங்களை யார்தான் சந்தேகப்பட மாட்டாங்க? கடைசியில 1940-ல அமெரிக்கா, ஜப்பான்னு உலகத்தோட மறுபக்கமா சுத்தி, சைபீரிய ரயில்ல ஊர் வந்து சேர்ந்தாங்க.

1940 மே 10-ம் தேதி ஜெர்மனி நெதர்லாந்தைத் தாக்கினதும், டச்சுத் தீவுகள்ல இருந்த ஜெர்மன், ஆஸ்திரியக்காரங்களைப் பிடிச்சு பொனேர்ல முகாம்ல அடைச்சாங்க. ஹிட்லர்கிட்ட இருந்து தப்பி வந்த யூதர்களும் அதுல இருந்தாங்க. யாரால துரத்தப்பட்டாங்களோ அவனோட ஆட்கள்னு முத்திரை! வேட்டைக்குப் போன நம்ம மூணு பேரும் அந்த வலையில சிக்கலை. போருக்கு அப்புறம் அந்த முகாம் ஹோட்டல் ஆச்சு. இன்னிக்கு கடல்ல முங்க வர்ற டூரிஸ்ட்டுங்க அங்கே தங்கறாங்க.

திரும்பி வந்த மூணு பேரும் என்ன ஆனாங்க? என்னை இந்தக் கதையில பிடிச்சு வச்சது இதுதான்.

யோர்க் போலர் டாக்டர் ஆனார். எலும்பு முறிவு சிகிச்சையில உலகப் புகழ் பெற்ற லோரென்ஸ் போலரோட மகன் அவர். அப்பா வழியிலேயே விபத்து அறுவை சிகிச்சை நிபுணரா வாழ்ந்து 2005-ல காலமானார்.

ஹாஸ் சட்டத்தை விட்டுட்டு விலங்கியலுக்கு மாறி, போர் நடக்கும்போதே பெர்லின்ல டாக்டர் பட்டம் வாங்கினார். 1942-ல ஆக்சிஜன் மூச்சுக் கருவியோட ஏஜியன் கடல்ல படம் எடுத்தார். 1951-ல வந்த அவரோட செங்கடல் படத்துக்கு வெனிஸ்ல பரிசு கிடைச்சுது. 1957-58-ல தன் ஆராய்ச்சிக் கப்பல்ல மாலத்தீவு, நிக்கோபார் வரைக்கும் வந்தார். 2013-ல, 94 வயசுல இறந்தார்.

வுர்ட்சியன்? அவர் மூச்சடக்கி நீந்தற வித்தையையும் மூச்சுக் கருவியையும் ராணுவத்துக்கு எடுத்துக்கிட்டுப் போனார். ஜெர்மனியோட போர் நீச்சல் வீரர்கள் படையை உருவாக்கினவர்கள்ல ஒருத்தர், முக்கியமான பயிற்சியாளர். 1944 செப்டம்பர்ல அந்தப் படையைச் சேர்ந்த 12 பேர் நெதர்லாந்துல நைமேகன் நகரத்துப் பாலங்களுக்கு ஆத்து வழியா வெடிகுண்டை மிதக்க விட்டுக் கொண்டு போனாங்க. ரயில் பாலத்தோட ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துச்சு. போனவங்கள்ல பெரும்பாலானவங்க பிடிபட்டாங்க.

நம்ம ஹாஸ்டல் ரூம்ல ஒரே வருஷம், ஒரே கோர்ஸ் படிச்ச மூணு பேரை நினைச்சுப் பாருங்க. ஒரே ப்ரோகிராமிங் தெரிஞ்சவங்க. ஒருத்தன் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் எழுதறான், ஒருத்தன் ஏவுகணை சாஃப்ட்வேர் எழுதறான். கத்துக்கிட்டது ஒண்ணுதான். அதுக்காக ஹாஸ் நல்லவர், வுர்ட்சியன் கெட்டவர்னு கோடு போட எனக்கு மனசு வரலை. ஹாஸோட தீவுப் படமும் அதே ஆட்சிக் காலத்துல, அரசாங்கத்தோட பிடியில இருந்த ஊஃபா நிறுவனம் மூலமாத்தான் வெளிவந்துச்சு. அந்தக் காலத்து ஜெர்மனியில யார் கையும் முழு சுத்தம் இல்லை. ஆனா ஒருத்தர் பாக்கறதுக்காக முங்கினார், இன்னொருத்தர் தகர்க்கறதுக்காக முங்கக் கத்துக் கொடுத்தார். இந்த வித்தியாசம் சின்னதுன்னு சொல்லவும் முடியலை.

சரி, மனுஷங்க கதை முடிஞ்சுது. அந்த மீன்களோட கதை?

1950-கள்ல முகமூடி, துடுப்புக் காலணி, ரப்பர் ஈட்டித் துப்பாக்கி எல்லாம் கடையில கிடைக்க ஆரம்பிச்சு, உலகம் முழுக்க இந்த விளையாட்டு பரவிச்சு. மூணு பேர் செஞ்சப்போ கடலுக்குத் தெரியாத விஷயம், ஆயிரக்கணக்கான பேர் செஞ்சப்போ தெரிஞ்சுது. முதல்ல அடி வாங்கினது கலவா. ஒரே பாறையை வீடா வச்சுக்கிட்டு, மனுஷனைப் பார்த்தா ஓடாம எட்டிப் பாக்கற மீன். மெதுவா வளரும். கலவாவுல பல வகை பெண்ணா வளர்ந்து, பெருசானதும் ஆணா மாறும். ஈட்டிக்காரர் தேடறது பெரிய மீனைத்தானே? அப்போ முதல்ல காலியாறது ஆண் மீன். மிச்சம் இருக்கிறது எப்படிப் பெருகும்? கரீபியன் கடல்ல ஒரு காலத்துல சாதாரணமா கிடைச்ச நஸாவ் கலவா, முட்டையிடக் கூடற இடத்துலயே வலை, தூண்டில், பொறின்னு சகலத்துலயும் மாட்டி, இன்னிக்கு அழியும் நிலையின் கடைசிப் படியில நிக்குது. அதுல ஈட்டியோட பங்கும் உண்டு.

பொனேர் தீவு மத்தவங்களை விட சீக்கிரம் முழிச்சுக்கிச்சு. 1971-லயே ஈட்டி மீன்பிடியைத் தடை பண்ணிட்டாங்க. 1975-ல பவளத்தை உடைச்சு எடுக்கறதுக்கும் தடை. 1979-ல கரையிலேர்ந்து 60 மீட்டர் ஆழம் வரைக்கும் தீவைச் சுத்தின கடல் பூரா பாதுகாக்கப்பட்ட பூங்கா. குரசாவோவும் 1976-ல ஈட்டிக்குத் தடை போட்டுச்சு. ஹாஸ் குழு ஈட்டியோட முங்கின அதே கடல்ல, இன்னிக்கு டூரிஸ்ட்டுங்க கேமராவோட முங்கறாங்க. மீனை உயிரோட விட்டாத்தான் தீவுக்கு வருமானம்.

சுபம்னு போட்டுடலாமா? முடியாது. 1970-களோட கடைசியிலிருந்தே ஒரு நோய் வந்து கரீபியன் பூரா மான்கொம்பு மாதிரி கிளை விடற பவளங்களைக் கொன்னுடுச்சு. 2023-ல பொனேர்ல இன்னொரு பவள நோய். தடைச் சட்டத்துக்கு அடங்காத எதிரிகள் இதெல்லாம்.

இன்னொரு எதிரி நம்ம பக்கத்துலேர்ந்து போனது: சிங்கமீன். இந்து, பசிபிக் பெருங்கடல்களோட மீன், நம்ம மன்னார் வளைகுடாவிலும் உண்டு. விஷ முள்ளோட பார்க்க அழகா இருக்கும். மீன் தொட்டிக்காக அமெரிக்கா போய், அங்கே கடல்ல கலந்து, 2009-ல பொனேர் வந்து சேர்ந்துச்சு. அங்கே இதைத் தின்னு கட்டுப்படுத்தற எதிரி கிடையாது. பவளப்பாறையில இருக்கிற குஞ்சு மீனை எல்லாம் காலி பண்ணுது. வலையில சரியா மாட்டாது, தூண்டிலும் கடிக்காது. என்ன பண்ணாங்க தெரியுமா? பயிற்சி எடுத்த தன்னார்வலர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, சிங்கமீனை மட்டும் குத்தறதுக்குன்னு ஒரு குட்டி ஈட்டியைக் கையில கொடுத்தாங்க.

1971-ல வெளியே போன ஈட்டி, நாப்பது வருஷம் கழிச்சு லைசென்ஸோட உள்ளே வந்துச்சு. இந்த முறை யாரைக் குத்தலாம், யாரைக் குத்தக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்து அனுப்பறாங்க. 1939-ல அந்த மூணு பேருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை.