கேஜ் தெருவைக் கேட்குமா?

ஓசூர் சிப்காட் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு கோ-நோகோ கேஜ் தெரியும். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. துளை போட்டவர் எந்தத் தெரு என்று அது கேட்காது. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு நேர்காணலுக்குப் போகும் நம் தம்பி தங்கைகளுக்குக் கிடைக்கும் பதில் வேறு: "கல்ச்சர் ஃபிட் இல்லை." எந்த அளவில் தவறினார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

'தரம்', 'தகுதி' என்றாலே நமக்குச் சுருக்கென்று இருப்பதற்கு வரலாறு உண்டு. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இங்கே எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, அதே ஆண்டு, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அதற்காகத் தர அளவுகோலே வேண்டாம் என்று நாம் சொல்லிவிட முடியாது. எழுதி வைத்த அளவுகோல் பல நேரம் நம் பக்கம்தான் நிற்கிறது.

வேர்ட்பிரஸைப் பாருங்கள். 2003-ல் தொடங்கிய திறமூல மென்பொருள். அதில் புது வசதி சேர்க்கும் பிளகினை யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம். பட்டம் கேட்பதில்லை, பரிந்துரைக் கடிதம் கேட்பதில்லை. பொதுக் களஞ்சியத்தில் சேர 18 விதிகள் உண்டு. நிரல் மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும் என்பது ஒன்று. பயனரின் சம்மதம் இல்லாமல் அவரைக் கண்காணிக்கக் கூடாது என்பது இன்னொன்று. கிருஷ்ணகிரி பாலிடெக்னிக் மாணவிக்கும் கலிபோர்னியா கம்பெனிக்கும் ஒரே விதி. 2023-ல் பரிசீலனைக்குக் காத்திருந்த பிளகின்கள் ஆயிரத்தைத் தாண்டின. சலிப்புதான், ஆனாலும் அது வரிசை.

சிக்கல் 18-வது விதியில் இருக்கிறது. விதிகளில் சொல்லாத காரணத்துக்காகவும் ஒரு பிளகினை நீக்கும் உரிமையைக் களஞ்சியத்தை நடத்துபவர்கள் அதில் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். 2024-ல் வேர்ட்பிரஸ் நிறுவனர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்துக்கும் சண்டை மூண்டது. அக்டோபரில், இருபது லட்சத்துக்கும் மேலான தளங்களில் ஓடிய அந்த நிறுவனத்தின் 'அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்' பிளகினை, பாதுகாப்புக் காரணமும் சொல்லி, 18-வது விதியைக் காட்டிக் களஞ்சியத்தில் எடுத்துக்கொண்டு வேறு பெயர் வைத்தார்கள். அதே மாதம் வேர்ட்பிரஸ் தளத்தில் உள்நுழையும் இடத்தில் ஒரு கட்டம் முளைத்தது: 'எனக்கு டபிள்யூபி எஞ்சினோடு எந்தத் தொடர்பும் இல்லை' என்று டிக் செய்தால்தான் உள்ளே விடும். அதாவது, கேஜ் தெருவைக் கேட்க ஆரம்பித்தது.

அடிபட்டது பணக்காரக் கம்பெனி, அதற்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. அதனால் வழக்கறிஞர் வைக்க முடிந்தது. டிசம்பர் 10-ல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்கால ஆணை போட்டு, பழைய நிலைக்குத் திருப்பச் சொன்னது. பிளகினும் திரும்பி வந்தது. அதே விதியால் நம் மாணவியின் பிளகின் போயிருந்தால் அவர் எந்த நீதிமன்றத்துக்குப் போயிருப்பார்?

பட்டறையில் கேஜும் தேயும். அதையும் குறித்த நாளில் காலிப்ரேஷனுக்கு அனுப்பிச் சரிபார்ப்பார்கள், ஓட்டுபவரே 'சரியாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட முடியாது. விதி எழுதுபவர்களையும் அப்படிச் சரிபார்க்க, முதலில் நாம் அந்த விதிகளைப் படித்திருக்க வேண்டும். வரும் ஞாயிறு மத்திகிரியில் 18 விதிகளையும் தமிழில் வாசிக்கிறோம். லேப்டாப் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், இல்லாதவர்கள் சும்மா வாருங்கள்.