பசும் வேலியின் இரு பகைவர்கள்

உங்கள் கல்லூரியிலோ பூங்காவிலோ மட்டமாகக் கத்தரித்த வேலிச் செடிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் அவற்றின் இலைகள் பழுப்பேறி உதிர்ந்தால் என்ன செய்வோம்? உடனே மருந்துக் கடைக்கு ஓடுவோம். அது சரியா? ஐரோப்பியத் தோட்டங்களின் அண்மைக்கால வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

பாரிசுக்குத் தென்கிழக்கே வோ-லெ-விகோம்த் என்னும் மாளிகை உள்ளது. 17-ஆம் நூற்றாண்டில் அதன் தோட்டத்தை அமைத்தவர் அந்த்ரே லெ நோத்ர். பாக்ஸ் என்னும் சிற்றிலைச் செடியைத் தாழக் கத்தரித்து, தரையில் சித்திரத் தையல்போல வளர்ப்பது அக்காலப் பாணி. அழிந்துபோயிருந்த அவ்வேலைப்பாடு 1923-இல் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் நோயுற்ற செடிகளை 2019-இல் பிடுங்க வேண்டியதாயிற்று.

பாக்ஸ் செடிக்கு அண்மையில் வாய்த்த பகைவர்கள் இருவர். ஒன்று பூஞ்சணம். 1990-களில் இங்கிலாந்தில் தென்பட்ட இது, அறிவியலுக்கே புதிய இனம் என்று 2002-இல் அறிவிக்கப்பட்டது. மற்றொன்று கிழக்காசியாவைச் சேர்ந்த அந்துப்பூச்சி. செடி வணிகத்தோடு வந்த இது, 2007-இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது.

இரண்டாலும் வேலி பழுப்பாகும்; தொலைவிலிருந்து வேறுபாடு தெரியாது. கிளைகளை விலக்கிப் பாருங்கள். இலையில் கரும்பழுப்புப் புள்ளிகளும், இளந்தண்டில் கறுப்புக் கோடுகளும் இருந்தால் பூஞ்சணம். கடிபட்ட இலைகளும், நூல் பின்னலும், புழுவின் எச்சமும் இருந்தால் அந்துப்பூச்சி.

பகைவன் வேறானால் மருந்தும் வேறுதானே? பூஞ்சண வித்து முளைக்க இலைமேல் ஈரம் நிற்க வேண்டும். நெருக்கமாகக் கத்தரித்த வேலிக்குள் காற்று புகாது. ஈரம் எளிதில் ஆவியாகாது. எனவே நீரை வேரில் ஊற்றுங்கள். உலர்ந்த நாளில் கத்தரித்து, உதிர்ந்த இலைகளை அகற்றி, கத்தரிக்கோலையும் தூய்மை செய்யுங்கள்.

புழுவுக்கு இவை போதா. கையால் பொறுக்கலாம், மிகுந்தால் ஒரு பாக்டீரியம் உதவும். ஜப்பானில் பட்டுப்புழுக்களை மடிவித்த நோயை ஆராய்ந்த இஷிவாட்டா, 1901-இல் அதைக் கண்டார். 1911-இல் ஜெர்மானியர் பெர்லினர் மாவுப் பூச்சியில் அதைக் கண்டு, பின்னர் துரிங்கியா மாநிலத்தின் பெயரால் 'பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்று பெயரிட்டார். இலையோடு இதைத் தின்ற புழுவின் குடல் சிதைகிறது. பட்டு வளர்ப்போருக்குப் பகையானது தோட்டக்காரருக்கு நண்பனாயிற்று!

ஆனால் பூஞ்சணத்தின்மேல் இதைத் தெளித்துப் பயனில்லை. பணமும் நாளும் வீண். அதற்குள் வேலியும் போய்விடும். ஆகவே, அடுத்த முறை பழுத்த இலையைக் கண்டால், முதலில் அதைக் கையில் எடுத்து, இருபுறமும் திருப்பிப் பாருங்கள்.