முதுகுவலி மாத்திரைக்கு ஏன் சீட்டு கேக்குறாங்க?

"போன தடவை குடுத்த மாத்திரையே போதும் சார், கடையில சீட்டு கேக்குறாங்க." புதுச்சேரியில் முதுகுவலியோடு வரும் பெரியவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது.

அது டிரமடால் மக்களே, அபின் குடும்பத்து மருந்து. 2018-இல்தான் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. சீட்டு அதுக்கு முன்னாடியும் கட்டாயம்தான், யார் கேட்டா!

அமெரிக்காவில் 1996-இல் ஆக்ஸிகான்டின் வந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றார்கள்; முதுகுவலிக்கும் தாராளமாக எழுதினார்கள். 2007-இல் அந்தக் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2017-இல் அங்குள்ள மருத்துவர் அமைப்பே சொன்னது: முதலில் ஒத்தடம், உடற்பயிற்சி, கைரோபிராக்டர் செய்வதுபோல முதுகைக் கையால் அசைத்துவிடுவது, அபின் மருந்து கடைசியில்தான்.

உடனே யூடியூப் பார்த்து சொடக்கு எடுக்கக் கிளம்பிடாதீங்க. எழுபது வயதில் எலும்பு மெலிந்திருந்தால், அழுத்தியதில் முறியலாம். மாத்திரையையும் நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, படிப்படியாத்தான் குறைக்கணும். பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க, பழைய சீட்டோட.