கிண்டிச் சிரிப்பும் கொழும்புச் சிரிப்பும்

1972-இல் கிண்டிப் பொறியியல் கல்லூரி மாணவர் மோகன், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்காக ‘கிரேட் பேங்க் ராபரி’ என்றொரு நாடகம் எழுதினார், நடிக்கவும் செய்தார். இரண்டுக்கும் பரிசு, கொடுத்தவர் கமல்ஹாசன். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரித் தமிழ்ச் சங்க மாணவர்கள் நடிப்பதற்கென்று பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை நாடகங்கள் எழுதிக்கொடுத்தார். அவற்றில் நான்கு, 1940-இல் ‘நானாடகம்’ என்று நூலாயின.

எழுதியவர்களைப் பார்த்தால் நாம் எதிர்பார்ப்பது தலைகீழாகிறது. மாணவர்தானே துடுக்காகத் தெருப்பேச்சை எழுதியிருக்க வேண்டும்? அதைச் செய்தவர் பேராசிரியர். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடந்த கல்லூரி அது. அவரோ லண்டனில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியவர். ‘உடையார் மிடுக்கு’, ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ என்று தலைப்பு வைத்து, யாழ்ப்பாணத்துக் கிராமப் பேச்சை மேடையேற்றினார். உடையார் என்பவர் வெள்ளையர் ஆட்சியில் ஊருக்குப் பெரிய அதிகாரி. அந்த மிடுக்கைப் பார்த்துச் சிரிக்க, சபையில் இருப்பவர் அப்படியொருவரின் வாசலில் கைகட்டி நின்றிருக்க வேண்டும், அல்லது அவர் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

மோகனின் சிரிப்புக்கு ஊர் வேண்டாம். சொல் போதும். ஒருவர் ஒரு பொருளில் கேட்பார், மற்றவர் வேறு பொருளில் பதில் சொல்வார். அந்தப் பதிலே அடுத்த குழப்பத்துக்கு விதை. எஸ்.வி. சேகரின் நாடகப்பிரியா குழுவுக்கு 1976-இல் எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ அவர் பெயருக்கு முன்னால் ‘கிரேஸி’யை ஒட்டவைத்தது. பாலவாக்கத்துக்குப் பதில் பல்லாவரம் என்று வைத்திருந்தாலும் அந்த நாடகத்துக்குக் குறை வந்திருக்காது என்றே நினைக்கிறேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எந்த ஊர் சபாவிலும் எடுபட்டதற்கு அதுவே காரணம். 

எங்கள் வெண்ணந்தூர்ப் பக்கம் பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் போட நினைக்கும் பிள்ளைகள் இந்த இரண்டில் எதைப் பிடிப்பது? எடுத்தவுடன் கை போவது மோகன் பாணிக்குத்தான். அங்கேதான் சிக்கல். சபா அரங்கில் மூடிய கூரைக்குக் கீழே எழுத்துப் பிசகாமல் காதில் விழ வேண்டிய வசனம் அது. திறந்த மைதானத்தில், ஒற்றை மைக்கை ஐந்து பேர் மொய்த்துக்கொண்டு, முன்வரிசையில் குழந்தை அழ, அந்தச் சிலேடையில் பாதி காற்றோடு போகும். நம் பக்கத்துத் தெருக்கூத்துக் கட்டியக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். ராஜா பாட்டில் முழங்குவார். கட்டியக்காரனோ ஊர்ப்பேச்சில், உடம்பைக் கோணி, ஊர்க்காரர் யாரையாவது வம்புக்கிழுத்துச் சிரிக்கவைப்பான்.

ஆகவே என் ஓட்டு பேராசிரியருக்கு. உடையாருக்குப் பதில் தறிப்பட்டறை முதலாளியை வையுங்கள். முன்பணம் வாங்கிய தறிக்காரர் இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை, இன்று வந்திருக்கிறார். முதலாளி வாசலில் நின்று கத்துகிறார். விசைத்தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. “ஆமாங்க, ஆமாங்க” என்று கும்பிட்டபடி தறிக்காரர் நாடாவை மாற்றுகிறார். கூடவே, எப்படியும் கேட்காது என்ற தைரியத்தில், சிரித்த முகத்தோடு முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். திடீரென்று கரண்ட் போகிறது. சத்தம் பட்டென்று நிற்க, திட்டில் கடைசி நான்கு சொல் மட்டும் தெருவுக்கே கேட்கிறது.

கரண்ட் போன பிறகு எவ்வளவு நேரம் இருவரும் அசையாமல் நிற்பது என்பதை மட்டும் மோகன் நாடகங்களைப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். சபையின் சிரிப்பு அடங்குமுன் முதலாளி வாயைத் திறந்தால், “ஏனுங்க, இப்ப என்ன சொன்னீங்க?” என்ற அவருடைய கேள்வி யார் காதிலும் விழாது.