லயத்து அடுப்படியில் விளைந்த செல்வம்

சிக்கனம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவருள் பலர் முகஞ் சுளிக்கக் காண்கிறோம். வீட்டில் இடித்த மிளகாய்த் தூளும், பாட்டி போட்ட ஊறுகாயும், தாய் தைத்த சட்டையும் இல்லாமையின் அடையாளங்கள் என்று எண்ணும் மனப்பான்மை பட்டணத்தில் மட்டுமன்றித் தோட்டப்புறத்திலும் வேரூன்றிவிட்டது. விருந்தினர் வரின் கடையில் வாங்கிய பலகாரத்தைத் தட்டில் பரப்பி, வீட்டில் சுட்ட முறுக்கை உள்ளே மறைத்து வைக்கும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. இந்த நாணம் எங்கிருந்து வந்தது? நம் முன்னோர் இந்நாட்டில் வாழ்ந்த வரலாற்றை நாம் மறந்ததனாலன்றோ வந்தது?

இதனைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் தோட்டத்துக் காரியாலயத்தில் கணக்கெழுதும் கிராணி. ஆங்கில வழியில் பயின்றவன். பள்ளி நாட்களில் என் தாய் வாழையிலையில் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை, உடன் பயின்றோர் கண்ணிற் படாவண்ணம் பின்புறத்து மதிலோரம் சென்று உண்டவன். சில நாட்களில் உண்ணாமலே எறிந்ததும் உண்டு. அந்தப் பொட்டலத்தில் மூன்று தலைமுறையின் அறிவு கட்டப்பட்டிருந்தது என்பதை முப்பது வயது கடந்த பின்னரே உணர்ந்தேன். அவ்வறிவின் வரலாற்றையே ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகிறேன்.

ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்த காலத்தில் அவர்கள் கொணர்ந்த உடைமை யாது? ஒரு துணிமூட்டை, சிலரிடம் ஒரு செம்பு. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்ற பின்னர்க் கங்காணிமார் வாயிலாகப் பல்லாயிரவர் வந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. அதன் முன்னே ஒரு தாழ்வாரம். அரிசியைப் பல தோட்டங்களில் நிர்வாகமே அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்திற் பிடித்துக்கொள்ளும். உப்புக்கும் புளிக்கும் பல இடங்களில் கங்காணியின் கடையே கதி. அக்கடையின் பற்று ஏடு ஒருமுறை திறந்தால் எளிதில் மூடுவதில்லை.

கூட்டு மலாய் நாடுகளில் 1923ஆம் ஆண்டில் தொழிலாளர் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் பயிரிட ஒதுக்க வேண்டும் என்பது அதிலுள்ள விதிகளுள் ஒன்று. சதுர அடியிற் சொன்னால் ஏறக்குறைய 2,700. இது தாராளமென்று எவரும் கூறார். ஆயினும் அந்தத் துண்டு நிலத்தில் நம்மவர் செய்த வேலையைப் பாருங்கள்! வேலியோரம் முருங்கையும் அகத்தியும், நடுவே கத்தரி, வெண்டை, மிளகாய், பயறு, நீர் வடியும் மூலையில் வாழை, கொல்லையில் மரவள்ளி, வாசலில் கறிவேப்பிலை. பால்மரக் காட்டில் மேயும் மாடு ஒன்றிரண்டு, ஆடு நான்கைந்து, கூடையிற் கவிழ்த்த கோழிகள். கங்காணி கடைக்குப் போகவேண்டிய காசில் ஒரு பகுதியாவது இவ்வாறு லயத்திலேயே நின்றது.

இனி வீட்டினுள்ளே செல்வோம். மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கடையிற் காண்பவன் காலியான டப்பா என்பான். லயத்துப் பெண்ணுக்கு அது தண்ணீர்க் குடம். மூடி பொருத்தினால் அரிசிப் பெட்டி. பக்கத்தில் வாய் வெட்டினால் அடுப்பு. கெட்டிப்பால் டின்னே அரிசி அளக்கும் படி. பிடி வைத்துப் பற்றவைத்தால் தேநீர்க் குவளை. மாவு வந்த சாக்குத் துணி சிறுவனின் கால்சட்டையாகும். கிழிந்த சேலை முதலில் குழந்தைக்குத் தூளியாகும், பின் மடித்துத் தைத்த விரிப்பாகும், கடைசியில் கரித்துணியாகும். விழுந்த பால்மரக் கிளை விறகு. தென்னங்கீற்றின் ஈர்க்கு விளக்குமாறு. ஒரு பொருள் தன் முதற் பயன் தீர்ந்த பின்னும் இரண்டு மூன்று பிறவி எடுத்தது அந்த வீட்டிலேதான்.

உணவைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் லயம் முழுதும் அம்மி ஓசை எழும். வெயில் கண்ட நாளில் தாழ்வாரத்துப் பாயில் வற்றலும் வடகமும் காயும். காக்கை விரட்டுவது சிறுவர் உத்தியோகம். நெத்திலிக் கருவாட்டை முருங்கைக்காயோடு சேர்த்துப் புளி கூட்டிக் கொதிக்க வைத்த குழம்பின் மணம் பத்து அறைக்கு அப்பாலும் வரும். பண்டிகை நெருங்கினால் ஒரு வீட்டு அடுப்பில் எண்ணெய் காயும்; நான்கு வீட்டுப் பெண்கள் கூடி முறுக்குப் பிழிவார்கள். ஒருத்தி மாவு பிசைய, ஒருத்தி பிழிய, ஒருத்தி திருப்ப, ஒருத்தி கதை சொல்ல, வேலை விளையாட்டாய் முடியும். விலை கொடுத்து வாங்கும் பலகாரத்தில் இந்தக் கூட்டமும் சிரிப்பும் கிடைக்குமா?

ஆனால் இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. 1920களின் இறுதியில், போக்குவரத்து எளிதான பகுதிகளில் நிலைக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வகுக்கப்பட்டது. விடியுமுன் எழுந்து கஞ்சி காய்ச்சிவிட்டுப் பெரட்டில் ஆணோடு ஒருங்கே நின்றவள், அதே பால்மரத்தை வெட்டியவள், 10 காசு குறைவாகப் பெற்றாள். வேலை முடிந்து வீடு திரும்பியபின் தண்ணீர் சுமந்ததும், அம்மி அரைத்ததும், கொல்லை கொத்தியதும் எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. நாம் இன்று வியக்கும் வீட்டுச் சிக்கனத்தின் பெரும்பங்கு, கூலி இல்லாத பெண்ணுழைப்பேயாகும். அதைச் சொல்லாது சிக்கனத்தைப் போற்றுதல் நன்றி கொன்ற செயல்.

மற்றோர் உண்மையும் உண்டு. 1930க்குப் பின் உலக மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலி வெட்டப்பட்டது. பல்லாயிரவர் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். எஞ்சியோர் கொல்லைக் கீரையையும் கிழங்கையும் கொண்டு காலந் தள்ளினர். தொழிலாளி குறைந்த செலவில் வாழ வல்லவன் எனின் குறைந்த கூலியே அவனுக்குப் போதும் என்று வாதிப்பார்க்கு, அந்தக் கொல்லையே சாட்சியாகிவிடக் கூடும். ஆகவே சிக்கனத்தையும் வறுமையையும் நாம் பிரித்தறிய வேண்டும். வறுமை பிறரால் நம்மீது சுமத்தப்படுவது. சிக்கனம் நாமே நம் நலங் கருதி மேற்கொள்வது. முன்னதை எதிர்த்துப் போராடுவதும் பின்னதைப் பேணுவதும் ஒரே அறிவின் இரண்டு தொழில்கள்.

நம்மவர் இதை உணர்ந்திருந்தனர் என்பதற்கு 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தமே சான்று. அதில் கூலி உயர்வு கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்க வேண்டும் என்னும் இழிவு ஒழியவேண்டும் என்றனர். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர். கூலியைக் கூட்டு, அக்கூலியை விழுங்கும் கடையை மூடு என்று ஒரே மூச்சிற் கேட்ட அறிவு எத்தகையது! அவ்வேலைநிறுத்தம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது; உயிர்களும் போயின. ஆயினும் அவ்வெண்ணம் அடங்கவில்லை. போர் முடிந்தபின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக அணிவகுத்தனர்.

இவ்விரண்டு போராட்டங்களுக்கும் இடையே வந்தது ஜப்பானியர் காலம். மலாயா தன் அரிசியின் பெரும்பகுதியைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து வருவித்த நாடு. 1942இல் அவ்வரவு குன்றியது. அரிசி இருந்த இடத்தில் மரவள்ளி வந்து அமர்ந்தது. என் பாட்டி அப்போது சிறுமி. கிழங்கைத் துருவிப் பிழிந்து, வெயிலில் உலர்த்தி, இடித்துச் சலித்து மாவாக்கும் வகையையும், அம்மாவில் புட்டும் ரொட்டியும் சுடும் வகையையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கசப்புக் கிழங்கை நன்றாக ஊறவைத்து உலர்த்தாமல் உண்டால் நஞ்சாகும் என்பதையும் அவர் மறவாது சொல்வார். தேங்காயெண்ணெயில் விளக்கெரிந்தது, சாம்பற் காரம் கூட்டிச் சவர்க்காரம் செய்தனர், கோணிச் சாக்கே பலருக்கு உடையாயிற்று.

இதைக் கேட்டு, ஆகா, என்ன கைத்திறன் என்று வியந்து நின்றுவிடலாகாது. பர்மா–சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை. லயங்களில் கால் வீங்கியும் புண் புரையோடியும் மாண்டவர் பலர். மரவள்ளி வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. கைத்திறன் சிலரைக் காத்தது. எல்லாரையும் காக்க அதனால் இயலவில்லை. “பசியைப் பாட்டாக்காதே, செய்முறையை மட்டும் கற்றுக்கொள்” என்பது என் பாட்டியின் வாக்கு.

தனி வீட்டின் சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இதனால் அறிகிறோம். அவ்வெல்லையைக் கடக்கக் கூட்டுறவு வேண்டும். 1922இல் கூட்டு மலாய் நாடுகளில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. தபால் தந்தி ஊழியர் முதலில் சிக்கன நாணயச் சங்கம் கண்டனர். பின்னர் தோட்டத் தொழிலாளரிடையேயும் அத்தகைய சங்கங்கள் தோன்றின. சோறு ஆக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் எடுத்துவைக்கும் வழக்கம் நம் பெண்களுடையது. அந்தப் பிடியரிசியே சங்கத்தில் மாதச் சந்தா ஆயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

அதன் பெருவிளைவு 1960இல் தோன்றியது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அயல்நாட்டுக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியோர் பலர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலையும் போயிற்று, லயமும் போயிற்று. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, மாதம் 10 வெள்ளி ஒதுக்குங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். அங்ஙனம் எழுந்ததே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. பின்னர் வேறு பல தோட்டங்களும் வாங்கப்பட்டன. மிளகாயை வீட்டில் இடித்து மிச்சம் பிடித்த காசும், சட்டையை ஒட்டுப்போட்டு மிச்சம் பிடித்த காசும் சேர்ந்து நிலமாயின. பிறர் நிலத்தில் பால் வெட்டியோர் தம் பங்கு நிலத்தில் பால் வெட்டினர். இதனினும் பெரிய கைவினை வேறென்ன இருக்கிறது?

இன்றைய நிலை யாது? பால்மரம் நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல இடிக்கப்பட்டன. நம்மவர் பலர் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறிவிட்டனர். கொல்லை போயிற்று, தவணைக் கடன் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிலாளி தம் மகளின் பூப்பு நீராட்டு விழாவுக்கு முன்பணம் கேட்டுக் காரியாலயத்துக்கு வந்தார். மண்டபம், மேடை அலங்காரம், வெளியிலிருந்து வரவழைக்கும் விருந்து எனப் பட்டியல் நீண்டது. அந்த விண்ணப்பத்தை எழுதியவன் நானே. அதன் பின்னர் ஓராண்டுக் காலம், மாதந்தோறும் அவர் சம்பளத்தில் அக்கடனைக் கழித்து எழுதியவனும் நானே. அவ்வாண்டின் இடையில் அந்தப் பெண் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றாள். பழைய பற்று ஏட்டைக் கங்காணி வைத்திருந்தான். புதிய ஏட்டை நாமே நம் கையால் திறக்கிறோம்.

ஆதலின் அன்பர்களே, வீட்டுக்கு வீடு மீண்டும் ஆட்டுக்கல் வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அரைக்கும் இயந்திரம் பெண்ணின் தோள்வலியைத் தீர்த்தது, அது வாழ்க! மாடித் தாழ்வாரத்தில் இரண்டு தொட்டியில் கறிவேப்பிலையும் மிளகாயும் வளரும். மாதம் ஒருநாள் அக்கம்பக்கத்தார் கூடிப் பலகாரம் செய்யலாம். கிழிந்ததைத் தைக்கச் சிறுமிக்குக் கற்பிக்கும்போது சிறுவனுக்கும் கற்பியுங்கள். அடுப்படி பெண்ணின் சிறை என்பது மாறி, ஆணும் பெண்ணும் கூடிப் பழகும் பள்ளியாகட்டும். மிஞ்சும் காசு பிள்ளையின் கல்விக்கும் சங்கத்தின் பங்குக்கும் போகட்டும்.

இப்போதெல்லாம் நான் காரியாலயத்துக்கு வீட்டுச் சோற்றையே எடுத்துச் செல்கிறேன். விடியற்காலையில் தேங்காய் துருவுவது என் பொறுப்பு. பகலில் மேசைமேல் பொட்டலத்தை எல்லாரும் காணப் பிரித்து வைக்கிறேன். மலாய் நண்பர் ஒருவர் புளிச்சோற்றில் ஒரு பிடி கேட்டு உண்கிறார். மறுநாள் தம் மனைவி செய்த சம்பலைக் கொணர்கிறார். முப்பது ஆண்டுகளுக்குள் ஒருவனுக்கு வந்து போன நாணம், ஒரு சமூகத்துக்கும் வந்து போகும் என்பதே என் நம்பிக்கை.

அடுத்த முறை விருந்தினர் வரும்போது, உள்ளே இருக்கும் முறுக்கை வெளியே எடுத்து வையுங்கள்.