தகரப் பெட்டி முதல் ஓடிபி வரை

கடன், கறவை மாடு பற்றியெல்லாம் இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். நம் குழுவில் போன் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த கதையை நான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் அரசு மூலம் மகளிர் குழுக்கள் 1989-ல் நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கின. என் மாமியார் ஆரம்ப காலத்திலேயே சேர்ந்தவர். கைநாட்டு வைத்தவர், குழுவுக்கு வந்துதான் கையெழுத்துப் பழகினார். அப்போது சேமிப்புப் பணம் தகரப் பெட்டியில் இருக்கும். பெட்டி ஒருத்தர் வீட்டில், சாவி இன்னொருத்தர் வீட்டில். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

2016-ல் யுபிஐ வந்தது. கொரோனாவில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக டச் போன் வாங்கினோம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் கணக்கில் ஏறத் தொடங்கியது. திருடனுக்கும் நம்ம கணக்கு கண்ணில் பட்டது.

"உரிமைத் தொகை நிற்கப்போகுது, ஓடிபி சொல்லுங்கம்மா" என்று எங்கள் குழு அக்கா ஒருவருக்குப் போன் வந்தது. தவணைக்கு வைத்திருந்த 8,000 ரூபாய் போய்விட்டது. வீட்டுக்காரர் திட்டுவார் என்று நாலு நாள் வாயே திறக்கவில்லை. கூட்டத்தில் தவணை கேட்டபோதுதான் அழுதார். உடனே 1930-க்குப் போன் செய்திருந்தால், பணம் போன கணக்கை முடக்கவாவது வழி இருந்திருக்கும். அவரை யாரும் திட்டவில்லை. தவணையை மூன்றாகப் பிரித்துக் கட்டச் சொன்னோம். இனி கூட்டம்தோறும் பத்து நிமிஷம் போன் பாடம் என்று தீர்மான நோட்டில் எழுதினோம்.

பத்தாவது படித்தவள் என்று என்னைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். நோட்டீஸைப் படித்துக் காட்டினேன், யாருக்கும் ஏறவில்லை. பழைய பெட்டியைச் சொன்னதும் புரிந்தது. கணக்கு என்பது பெட்டி, பின் நம்பர் சாவி, ஓடிபி ஒரே ஒரு தடவை திறக்கிற சாவி. எந்த பேங்க்காரரும் அதைப் போனில் கேட்கமாட்டார். ஒருவருக்கொருவர் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தோம். பணம் வருவதற்குப் பின் நம்பர் வேண்டாம், போட்டால் நம்மகிட்ட இருந்துதான் போகும் என்பது அப்போதுதான் பலருக்கும் விளங்கியது.

நான் மேனேஜர் மாதிரி நடித்து மாமியாரை மிரட்டினேன். "கணக்கு முடங்கினா முடங்கட்டும், நாளைக்கு நேர்ல பேங்குக்கு வரேன், நீ போனை வை" என்றார். கூட்டமே சிரித்தது. இப்போது வருகிற போனுக்கெல்லாம் பாதிப் பேர் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

இந்த வருஷம் தங்கச்சி ஒருத்தியிடம் 2,000 ரூபாய் போனது. அரை மணி நேரத்துக்குள் 1930-க்குச் சொல்லிவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னாள். பணம் இன்னும் கைக்கு வரவில்லை. புகார் நம்பரைத் தீர்மான நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம், மாதாமாதம் விசாரிக்கிறோம்.