டிரான்ஸ்-ஓசியானிக் வால்வு வானொலி: இயக்கநிலை மீட்பும் வரலாற்றுச் சான்றும்

பழைய வானொலி ஒன்றை மீண்டும் ஒலிக்கச் செய்வதும், அதனை ஒரு காலத்தின் சான்றாகப் பேணுவதும் ஒரே செயலென்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஓலைச்சுவடியைப் படியெடுத்தபின் மூலத்தைப் பேழையில் வைத்துவிடலாம்; படியே புழக்கத்திற்குப் போதும். வால்வு வானொலிக்கு அத்தகைய வாய்ப்பில்லை. அது ஒலிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் அதன் வால்வு இழைகள் தேய்கின்றன. ஒலிக்கச் செய்வதற்காகக் கழற்றப்படும் ஒவ்வோர் உறுப்பும் அதனைச் செய்தவர்களின் கைத்தடத்தை அழிக்கிறது. இம்முரண் கூர்மையாக வெளிப்படும் கருவி, சிகாகோ நகரின் ஜெனித் நிறுவனம் உருவாக்கிய டிரான்ஸ்-ஓசியானிக் என்னும் எடுத்துச்செல் வானொலியாகும்.

தோற்றம்

ஜெனித் நிறுவனத் தலைவர் யூஜின் மெக்டொனால்டு கடற்பயணத்தில் பெருவிருப்புடையவர். 1925ஆம் ஆண்டின் மெக்மில்லன் வடதுருவப் பயணத்தில் இரண்டாம் தலைவராகச் சென்றவர். சிற்றலை தொலைதூரத் தொடர்புக்கு எவ்வளவு உகந்தது என்பதை அப்பயணத்தில் நேரில் கண்டவர். படகிலும் இரயிலிலும் உடன்கொண்டு செல்லத்தக்க ஒரு பெட்டியில் நெடுந்தொலைவுச் சிற்றலை நிலையங்களைக் கேட்கவேண்டும் என்ற அவருடைய விருப்பமே இவ்வானொலிக்கு வித்திட்டது. முதல் வடிவமான 7ஜி605, 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில், போர்த்தேவையை முன்னிட்டு, அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான வானொலி உற்பத்தியை நிறுத்தியது. சில மாதங்களே உற்பத்தியான ஒரு கருவியின் பெயர் போருக்குப் பின்னும் நிலைத்தது என்பது கருதத்தக்கது. 1946இல் 8ஜி005 வடிவமும், அதன்பின் சிறு கண்ணாடி வால்வுகளைக் கொண்ட ஜி500, எச்500 (1951), 600 வரிசை ஆகியனவும் வந்தன. 1957இல் இதே பெயர்மரபில் டிரான்சிஸ்டர் வானொலி வெளிவந்த பின்னரும் வால்வு வடிவம் 1962 வரை நீடித்தது.

இப்பெட்டியில் இரண்டு ஏரியல்கள் உண்டு. நீட்டி மடக்கும் கோல் சிற்றலைக்கு உரியது. 'வேவ்மேக்னட்' எனப்பட்ட சுருள் ஏரியல் நடுத்தர அலைக்கு உரியது; அதைக் கழற்றி, இரயில்பெட்டியின் சன்னல் கண்ணாடியில் உறிஞ்சுகுமிழ்களால் ஒட்டிக்கொள்ளலாம். இரும்புப் பெட்டிக்குள் அலை நுழையாது என்பதை உணர்ந்த பயணி ஒருவரின் அனுபவம் இவ்வடிவமைப்பில் தெரிகிறது.

இழைச்சங்கிலி

எச்500 வடிவத்தில் ஐந்து வால்வுகள் உள்ளன: 1யு4 இரண்டு, 1எல்6, 1யு5, 3வி4 ஆகியன ஒவ்வொன்று. முதல் நான்கின் இழைகளும் 1.4 வோல்ட்டில் 50 மில்லியாம்பியர் மின்னோட்டத்தை ஏற்பவை. ஒலிவெளியீட்டு வால்வான 3வி4 இழைக்கு அதே மின்னோட்டத்தில் 2.8 வோல்ட் வேண்டும். ஐந்தையும் தொடரிணைப்பில் கோத்தால் கூட்டுத்தொகை 8.4 வோல்ட். பெட்டியின் அடியில் வைக்கப்படும் மின்கலத் தொகுப்பு 9 வோல்ட்டையும் 90 வோல்ட்டையும் ஒருசேரத் தருவது இதனாலேயே. சிறிய மின்னழுத்தம் இழைகளுக்கு, பெரியது நேர்மின்வாய்களுக்கு.

வீட்டில் 110 வோல்ட் மின்வழங்கலில் இயக்கும்போது, செலினியம் மின்திருத்தி நேர்மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அதிலிருந்து மின்தடைகள் வழியாக இழைகளுக்கான 50 மில்லியாம்பியர் பிரித்தெடுக்கப்படுகிறது. 600 வரிசையில் இம்மின்னோட்டத்தைச் சீராக வைக்க 50ஏ1 என்னும் தனிக்குழாய் சேர்க்கப்பட்டது. ஒரே பெட்டி படகிலும் வீட்டிலும் இயங்க இச்சங்கிலி தேவைப்பட்டது. ஆனால் இன்று பழுதுநீக்குவோர்க்கு நேரும் இழப்புகளில் பெரும்பகுதியும் இதனாலேயே விளைகிறது. ஓர் இழை அறுந்தால் ஐந்தும் இருள்கின்றன. அறுந்தது எது என்று பார்க்க, மின்சாரம் பாயும்போதே ஒரு வால்வைக் கழற்றினால், இழைவரிசையோடு இணைந்த மின்பகு மின்தேக்கி முழு மின்னழுத்தம்வரை ஏறிவிடுகிறது. வால்வை மீண்டும் பொருத்தும் கணத்தில் அது இழைகள் வழியே வெளியேறுகிறது; நல்ல வால்வுகளும் அக்கணமே மடிகின்றன. முள் நகரும் பழைய அளவுமானிகளின் தாழ்ந்த ஓம் அளவீட்டில் பாயும் மின்னோட்டமேகூட இந்த இழைகள் தாங்கும் அளவை மிஞ்சக்கூடும். சோதிப்பதே கெடுப்பதாக முடியும் கருவி இது.

உறுப்பு மாற்றம்

மின்சாரம் செலுத்துமுன் செய்யவேண்டிய பணிகளில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. மெழுகுதோய்ந்த தாள் மின்தேக்கிகள் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சி மின்னோட்டத்தைக் கசியவிடுகின்றன. 3வி4 வால்வின் கட்டுப்பாட்டு மின்வாய்க்குச் செல்லும் இணைப்பு மின்தேக்கி கசிந்தால் அவ்வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துப் பாழாகும். ஆதலின் முதலில் மாற்றத்தக்கது அதுவே. மின்பகு மின்தேக்கிகளும் உலர்ந்திருக்கும். செலினியம் மின்திருத்தி பழுதானால் அழுகல் நாற்றமுடைய நச்சுப்புகை வெளிவரும். அதற்கு மாற்றாகச் சிலிக்கான் டையோடைப் பொருத்துவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: செலினியத்தில் இழக்கப்பட்ட மின்னழுத்தம் சிலிக்கானில் இழக்கப்படுவதில்லை. உரிய மின்தடையைத் தொடரில் சேர்க்காவிடில் இழைகளுக்குக் கூடுதல் மின்னோட்டம் சென்று அவற்றின் ஆயுள் குறையும். இந்திய இல்லங்களின் 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும் ஒற்றைச்சுருள் மின்மாற்றி போதாது என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது. இவ்வானொலியினுள் மின்வழங்கலைப் பிரித்துவைக்கும் மின்மாற்றி கிடையாது. தனித்தனிச் சுருள்கள் கொண்ட மின்மாற்றி வழியாக இயக்குவதே உயிர்க்காப்பு.

கருத்து வேறுபாடு எழுவது மாற்றும் முறையில்தான். பழைய மின்தேக்கியின் தாளுறையைச் சூடாக்கி, உள்ளீட்டை அகற்றி, புதிய சிறு மின்தேக்கியை உள்ளே வைத்து மெழுகால் மூடும் வழக்கம் சேகரிப்பாளரிடையே மதிக்கப்படுகிறது. கண்ணுக்கு இனிய வேலை என்பதில் ஐயமில்லை. வரலாற்று நோக்கில் அது ஐயத்துக்குரியது. இடைக்காலச் செருகலை மூலப்பாடம்போல் எழுதிச் சேர்த்த சுவடியின் நிலையே அதற்கும். பளிச்சென்று தெரியும் மஞ்சள்நிறப் புதிய மின்தேக்கி அழகைக் கெடுக்கலாம். ஆனால் அது பொய் சொல்வதில்லை. அகற்றிய உறுப்புகளை, எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்ற குறிப்புடன், ஓர் உறையிலிட்டுப் பெட்டியினுள்ளேயே வைப்பது எளிது. மிகச் சிலரே அதைச் செய்கின்றனர்.

1எல்6 வால்வின் அருமை

மீட்பின் போக்கைத் தீர்மானிப்பது 1எல்6. வானிலிருந்து வரும் அதிர்வெண்ணை 455 கிலோஹெர்ட்ஸ் என்னும் இடைநிலை அதிர்வெண்ணாக மாற்றுவது அதன் பணி. அதே பணிக்கு 1ஆர்5 என்னும் வால்வு அக்கால எடுத்துச்செல் வானொலிகளில் மிகப் பரவலாக இருந்தது. இன்றும் எளிதில் கிடைக்கிறது. ஆனால் 1ஆர்5இல் அலையியற்றிக்கெனத் தனி நேர்மின்வாய் இல்லை. திரை மின்வாயே அவ்வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஆகவே நடுத்தர அலையில் குறைவின்றி இயங்கும் அவ்வால்வு, இவ்வானொலியில் பொருத்தப்படும்போது 19 மீட்டர், 16 மீட்டர் போன்ற உயர் அதிர்வெண் பட்டைகளில் தளர்ந்துவிடுகிறது. கடல்கடந்த நிலையங்களைக் கேட்பதற்கென்றே பிறந்த பெட்டிக்கு அது போதவில்லை. முந்தைய வடிவங்களில் இருந்த 1எல்ஏ6 வால்வின் சிறுவடிவமாக 1எல்6 அமைந்தது. சிற்றலை எடுத்துச்செல் வானொலிகள் சிலவற்றைத் தவிர வேறெங்கும் அதற்குத் தேவை எழவில்லை. குறுகிய பயனுக்காகச் செய்யப்பட்ட வால்வு குறைந்த எண்ணிக்கையிலேயே எஞ்சியது. இன்று சில சமயம் அதன் விலை பழுதான வானொலி முழுவதன் விலையையும் விஞ்சுகிறது.

இந்நிலையில் மீட்போர் கைக்கொள்ளும் வழிகள் சில. மாற்றுத் தாங்கி செய்து அதில் 1எல்ஏ6ஐப் பொருத்துவது ஒன்று. மின்னியல் குணத்தில் இதுவே மூலத்துக்கு மிக அண்மையது, ஆயினும் அதன் பருமன் இடத்துக்குப் பொருந்தாது இடர்ப்படுத்தும். 1ஆர்5ஐ ஏற்க மின்சுற்றையே மாற்றியமைப்பது மற்றொன்று. பின்னர் வருவோர் மூலச் சுற்றை ஊகிக்கவேண்டிய நிலையை உண்டாக்குவதால் இவற்றுள் இதுவே மோசமானது. மூன்றாவது, புலவிளைவு டிரான்சிஸ்டர்களால் அமைத்து 1எல்6இன் அடித்தாங்கியில் நேரே செருகத்தக்க மாற்று. தூய்மைவாதிகள் இதை ஏளனம் செய்கின்றனர். ஆனால் செருகியதைப் பிடுங்கினால் சுற்று முன்னிருந்தபடியே இருக்கும் என்பதும், மூல வால்வின் இழை ஒரு மணிநேரமும் தேயாது என்பதும் அவர்களுடைய வாதத்தில் இடம்பெறுவதில்லை. மற்ற நான்கு வால்வுகளும் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் பெருமளவில் உற்பத்தியானவை. அவற்றைச் செலவிடுவதில் பேரிழப்பில்லை.

ஒலிக்கச் செய்தபின் கேட்பதற்கு என்ன உண்டு என்ற வினாவும் நியாயமானதே. சிற்றலை நிலையங்கள் பல மூடப்பட்டுவிட்டன. தமிழில் நெடுங்காலம் ஒலித்த பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30உடன் நின்றது. எஞ்சிய நிலையங்களைக் கேட்க மின்வழங்கலைவிட மின்கலமே உகந்தது. பழைய தொகுப்பை இன்று எவரும் செய்வதில்லை, எனினும் 9 வோல்ட் சிறுமின்கலங்கள் பத்தைத் தொடரில் கோத்தால் 90 வோல்ட் கிடைக்கும், 1.5 வோல்ட் பெருமின்கலங்கள் ஆறு இழைகளுக்குப் போதும். செலினியத்தின் இடரும், சுவர்மின்சாரத்தின் அதிர்ச்சியும் அப்போது இல்லை. எல்இடி விளக்கையும் கைப்பேசி மின்னேற்றியையும் அணைத்துவிட்டு, ஏரியலை முழுவதும் நீட்டி, சூரியன் சாய்ந்தபின் 31 மீட்டர் பட்டையில் குமிழை மெல்லத் திருகினால் சீனமோ அரபியோ கேட்கும். மூல 1எல்6 அப்போது பஞ்சில் சுற்றப்பட்டு, அகற்றிய மின்தேக்கிகளின் உறைக்கருகே, பெட்டிக்குள்ளேயே கிடக்கலாம்.